இல்லாத இரண்டு விரல்கள் குறித்து

அனுப்புநர்:
மேல்முறையீடு செய்துள்ள முன்னாள் படைவீரரின் மகள்,
மருந்துக்கடை ஊழியர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
படைவீரர் ஊனச் சலுகை மேல்முறையீட்டுக் குழு.

பொருள்: என் தந்தையின் இடது பாதத்தில் ஐந்து விரல்களும் உள்ளன என்று பிறப்பித்த உத்தரவை நீக்கி, அவரைப் படைவீரர் மருத்துவமனையில் உடனே சேர்க்க ஆணையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை காலாட்படையில் சிப்பாயாக இருந்தவர். பனிமலைக் காவல் முனை ஒன்றில், மாற்று ஆட்கள் வந்து சேராததால், நனைந்த பூட்ஸைக் கழற்றாமலே நின்றிருந்தார். கீழே இறக்கியபோது இடது பாதத்தின் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. முகாம் மருத்துவமனையில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் புண் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

2. ஊனச் சலுகை கேட்டு அவர் முதலில் விண்ணப்பித்தபோது, இது பிறவியிலேயே தட்டைப்பாதம், பணியால் வந்ததல்ல என்று பதில் வந்தது. தட்டைப்பாதம் உள்ளவரைப் படையில் சேர்ப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. என் தந்தை அதைப் படித்துவிட்டு, "சேர்க்கும்போது நல்லா வளைஞ்சுதான் இருந்துச்சு. பிறவி பின்னாடி வந்து சேர்ந்திருக்கும்போல" என்றார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

3. மேல்முறையீட்டு விசாரணைக்கு நான்தான் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தேன். தங்கள் குழு மனுதாரரின் பாதத்தைப் பார்ப்பதில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. புண் நாறும் என்பதால், கட்டு அவிழ்த்த காலுடன் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். பக்கத்து அறையில் ஓர் ஊழியர் பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் தடம் எடுப்பார். அந்தக் காகிதம் மட்டும் உள்ளே போகும். மூன்று அதிகாரிகள் அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

4. ஊழியர் கட்டை அவிழ்த்து, புண்ணில் படாமல் மை தடவினார். வேண்டா வெறுப்பாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன், பதமாகத்தான் செய்தார். என் தந்தை காகிதத்தில் காலை ஊன்றி எடுத்தார். தடத்தில் ஐந்து விரல்கள் இருந்தன. ஊழியர் காலைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். வேறு காகிதம் வைத்து மறுபடி எடுத்தார். மறுபடியும் ஐந்து. விரல் இல்லாத இடத்தில் தன் கையை நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அங்கே ஈரமாக இருக்கிறது என்றார். நான் உள்ளே போய்ச் சொல்லச் சொன்னேன். "எனக்கு எதுக்கும்மா வம்பு. காகிதத்துல என்ன விழுந்துச்சோ அதைத்தான் நான் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றார். கொடுத்துவிட்டார். ஊனம் இல்லை என்று உத்தரவாகிவிட்டது.

5. உள்ளே போகாமல் மேசையில் கிடந்த முதல் தடத்தின் காகிதத்தை என் தந்தை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "நான் மட்டும்தான்டா கண்ணு கீழ எறங்கி வந்தேன்" என்றார். இதற்கு என்ன பொருள் என்று தங்களுக்கு விளக்க என்னால் முடியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

6. அதன்பின் என் தாய் வீட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் தரையில் ஈரத்தடம் கிடக்கிறது. வலது காலும் இடது காலுமாக, முழு விரல்களுடன். என் தந்தை கட்டிலைவிட்டு இறங்காத நேரத்திலும் கிடக்கிறது. என் தாய் முதலில் பயந்தார். இப்போது, "ஒருத்தரை வெச்சுச் சமாளிக்கவே எனக்கு நாக்குத் தள்ளுது, இதுல ரெண்டாவது ஆள் வேற" என்று திட்டிக்கொண்டே துணியால் துடைக்கிறார். அந்த ஈரம் கையை மரத்துப்போக வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் நான் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

7. இதற்கிடையே இருக்கிற மூன்று விரல்களும் கறுத்துவிட்டன. கறுப்பு கணுக்காலை நோக்கி ஏறுகிறது. இந்த வாரத்துக்குள் பாதத்தை எடுக்காவிட்டால் முழங்காலும், அதுவும் தள்ளிப்போனால் உயிரும் போகும் என்று எங்கள் தெரு மருத்துவர் சொல்லிவிட்டார். பொது மருத்துவமனையில் அறுவைக்குக் காத்திருப்பவர்கள் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறார்கள். படைவீரர் மருத்துவமனையில் படுக்கை காலியாக இருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே பதிவு செய்யும் அம்மையார் தங்கள் உத்தரவை வாசித்துவிட்டு, "அஞ்சு விரலும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கே. நல்லா இருக்கற காலை நாங்க எப்படிம்மா வெட்டறது?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை ஐயா. நிஜமாகவே கேட்டார்.

8. எனவே மறுவிசாரணை கேட்டு நேற்றுப் பிற்பகல் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாசல் காவலர் என்னை அடையாளம் கண்டு, "உங்கப்பாதான் காலையிலயே வந்துட்டுப் போயிட்டாரே" என்றார். கம்பு இல்லாமல், யார் தோளையும் பிடிக்காமல் படியேறினாராம். இந்த வெயிலில் கனமான பனிக்கோட்டு போட்டிருந்தாராம். "வயசுதான் ரொம்பக் கம்மியாத் தெரிஞ்சுது. பென்ஷன் வாங்கற ஆளுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கீங்க" என்று சிரித்தார். தடம் எடுக்கும் ஊழியர் சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "மையே தொடலம்மா. வந்து நின்னார். ஈரத்துலயே பதிஞ்சிடுச்சு." மறுபரிசோதனை முடிந்தது, மனுதாரர் பூரண நலம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

9. நேற்றுக் காலை முழுவதும் என் தந்தை கட்டிலில் காய்ச்சலில் கிடந்தார். நானும் என் தாயும் அவருடைய இரு பக்கமும் இருந்தோம். இதை எந்த இடத்திலும் சத்தியம் செய்து சொல்வேன். தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர், முதல் நாளிலேயே கதவைத் திறந்து வெளியே வந்து, ஒரு மனிதனின் காலைக் குனிந்து பார்த்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது பார்த்திருக்கலாம்.

10. ஆகவே, நேற்று வந்து போனவரின் உடல்நிலை பற்றித் தாங்கள் எடுத்துள்ள முடிவை நான் மறுக்கவில்லை. அவர் நலமாகவே இருக்கிறார். அவருக்காக நான் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. தங்களுக்கு அவர்தான் வேண்டுமென்றால் அவரை வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அந்தப் பனிமலை முனைக்கே அனுப்பினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவருடைய உத்தரவை, கட்டிலில் கிடப்பவர்மேல் எழுதாதீர்கள். தயவுசெய்து இன்றே ஒரு மருத்துவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். காகிதம் கொண்டுவர வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். போர்வையை விலக்கிப் பார்க்கட்டும். பார்த்ததை எழுதட்டும். படுக்கை ஒதுக்கட்டும்.

இணைப்பு: எதுவுமில்லை. இணைக்க வேண்டியது இன்னும் என் தந்தையின் உடம்பிலேயே இருக்கிறது.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வியாழக்கிழமை, அலுவலகம் திறக்கும் முன்

பதிலை வாங்காமல் இவ்விடம்விட்டு நகராத,
(கையொப்பம்)
மனுதாரரின் மகள்