தேடினது யாருக்கும் தெரியக்கூடாது

நவம்பர் 10, திங்கள்

விடியறதுக்கு முன்னாடியே மழை. திருவேற்காட்டுலேருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுல இருக்கற கம்பெனிக்குப் போக ஷேர் ஆட்டோ கிடைக்கவே முக்கால் மணி நேரம். நாள் பூரா ஈரச் செருப்பு.

குளிக்கும்போது மறுபடி தொட்டுப் பார்த்தேன். இடது மார்பு, அக்குள் பக்கம். புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. போன வாரமும் அப்படியேதான் இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்துல போன்ல தேடினேன். 'மார்பில் கட்டி வலி இல்லை.' 'வலி இல்லாத கட்டி ஆபத்தா.' 'கட்டி எத்தனை நாளில் பெரிதாகும்.' பாதிச் சோத்தோட டப்பாவை மூடிட்டேன். பக்கத்து டேபிள்ல என்கூட பார்ட்ஸ் செக் பண்ற மல்லிகா அக்கா, "இன்னா விமலா, மூஞ்சியே ஒரு மாரியா கீது"ன்னாங்க. தலைவலின்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். எப்படி? அவரோட தங்கச்சி இதே நோயில போய் ரெண்டு வருஷம் கூட முடியல. எட்டு மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்த மனுஷன். மக நிவேதாவுக்கு பிளஸ் டூ, அடுத்த மாசம் அரையாண்டு. முதல்ல என்னன்னு தெரியட்டும்.

இந்த நோட்டு பீரோவுல, பட்டுப் புடவைக்கு அடியில.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுது. துணி காயல.

சாயங்காலம் நி. டேப்லெட்ல கெமிஸ்ட்ரி வீடியோ பார்த்துகிட்டிருந்தா. அவ பக்கத்துல டீ வைக்கப் போனேன். நடுவுல விளம்பரம். பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை பேக்கேஜ், சிரிச்ச முகமா ஒரு டாக்டரம்மா. டீ சிந்திடுச்சு. நி. விளம்பரத்தைத் தள்ளிவிட்டா.

அப்பத்தான் உறைச்சது. அந்த டேப்லெட்ல போட்டிருக்கறது என்னோட அக்கவுண்ட். ஆன்லைன் கிளாஸ் காலத்துல நானே போட்டது. அவ குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். நேத்து நான் தேடின மூணும் நேரத்தோட வரிசையா இருக்கு. அத்தனையும் அழிச்சேன்.

அவ பார்த்திருக்க மாட்டா. பார்த்திருந்தா கேட்டிருப்பா.

நவம்பர் 12, புதன்

கம்பெனி கம்ப்யூட்டரெல்லாம் பார்த்துக்கற தினேஷ் தம்பிகிட்ட, எது நல்ல பிரவுசர், தேடறது வெளிய தெரியாத மாதிரி, பொண்ணு போனுக்குன்னு கேட்டேன். பொய்.

அவன் உடனே பேர் சொல்லல. "யாருக்குத் தெரியக்கூடாதுக்கா? விளம்பரக் கம்பெனிக்கா, வீட்ல இருக்கறவங்களுக்கா? ரெண்டுக்கும் வழி வேற வேற"ன்னான்.

ரெண்டு பேருக்கும்தான்னேன்.

அவன் சொன்னதை டெலிவரி சலான் பின்னாடி குறிச்சுகிட்டேன்:
- அக்கவுண்ட் போடாம பயன்படுத்தறது. அதுதான் முதல்.
- சிங்க் ஆஃப். இல்லைன்னா போன்ல தேடறது டேப்லெட்லயும் தெரியும்.
- விளம்பரத்தையும் பின்தொடர்றதையும் தானே தடுக்கணும்.
- மூடினதும் எல்லாம் அழியணும்.
- பிரவுசருக்குள்ள பிரைவேட் டேப்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் நம்பக்கூடாது. அதுக்குள்ள போய் அக்கவுண்ட்டைத் திறந்தா எல்லாம் பதிவாகும்.

நவம்பர் 14, வெள்ளி

மூணு இறக்கிப் பார்த்தாச்சு.

முதல்ல போட்டது வேகம், ஆனா திறந்தாலே சினிமாச் செய்தி, கிரிக்கெட், ராசிபலன். எடுத்துட்டேன். ரெண்டாவதுல விளம்பரமே இல்லை, பின்தொடர்றதுல எத்தனையைத் தடுத்தோம்னு எண்ணிக் காட்டுது. ஒரு ஆஸ்பத்திரி பக்கத்தைத் திறந்தேன், முப்பத்தி நாலுன்னு காட்டுச்சு. ஒரு கட்டியைப் பத்திப் படிக்கிறேன், முப்பத்தி நாலு பேர் எட்டிப் பார்க்க வந்திருக்காங்க. மூணாவது சின்னது. கைரேகை வச்சாதான் திறக்கும், மூடினா சுத்தமா அழிஞ்சிடும். தமிழ் எழுத்தைப் பெரிசாக்கலாம். படிச்சுக் காட்டற வசதி இல்லை, வேண்டாம், அதை யார் காதால கேட்கறது.

மூணாவதையே வச்சுகிட்டேன். பழையதுல எதுவும் தேடறதில்லை. சமையல் குறிப்பு கூட.

நவம்பர் 17, திங்கள்

அரை நாள் லீவு. ஆவடியில ஸ்கேன் சென்டர். வீட்ல சொல்லல.

ஃபாரம்ல பேர், வயசு, விலாசம், போன், கணவர் பேர், கணவர் போன். கடைசியை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இருபது பேர் உட்கார்ந்திருந்த ஹால்ல கவுன்டர் பொண்ணு உரக்கக் கூப்பிட்டா: "விமலா, மார்பு ஸ்கேன், யாரும்மா?" எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. இதுக்குத்தான் மூணு நாளா பிரவுசர் தேடினேன்.

டாக்டரம்மா படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கணுமாம். கூட யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.

நவம்பர் 20, வியாழன்

நேத்து ஊசி டெஸ்ட் ஆச்சு. பிளாஸ்டர் தெரியாம இருக்க வீட்டுக்குள்ளயும் துப்பட்டா. ரிசல்ட் செவ்வாய்க்கிழமை.

நி. பள்ளிக்கூடத்துலேருந்து போன். கெமிஸ்ட்ரி டெஸ்ட்ல வெள்ளைப் பேப்பர் கொடுத்திருக்கா. எப்பவும் முதல் மூணு பேர்ல வர்றவ. திட்டினேன். நான் எப்படிக் கஷ்டப்படறேன்னு உனக்குத் தெரியுமான்னு கத்திட்டேன். தலையைக் குனிஞ்சுகிட்டே நின்னா.

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கும்போது பக்கத்துல வந்து ஒட்டி உட்கார்ந்தா. என் இடது பக்கம், பிளாஸ்டர் பட்டுடும்னு நான் தள்ளி உட்கார்ந்தேன்.

நவம்பர் 22, சனி

அவர் ஷிப்ட்டுக்குப் போயிட்டார். நி. என் போனை நீட்டினா, "லாக் எடும்மா"ன்னா. எதுக்குன்னேன்.

"டெஸ்ட் எடுத்தியாம்மா? ரிசல்ட் வந்துருச்சா?"

என்ன ரிசல்ட்னு கேட்டேன். என் குரல் எனக்கே பொய்யா கேட்டுது.

பத்தாம் தேதி சாயங்காலமே பார்த்துட்டாளாம். நான் அழிச்சது அடுத்த நாள். ஏன் கேட்கலன்னேன். நானே சொல்லட்டும்னு காத்திருந்தாளாம். அப்புறம் சொன்னா:

"டேப்லெட்ல தினமும் பார்ப்பேம்மா. அடுத்து நீ என்ன தேடினேன்னு. காலியாவே இருந்துச்சு. உனக்கு சரியாப் போச்சா, இல்ல ரொம்ப மோசமாயிடுச்சா, எனக்கு எப்படித் தெரியும்?"

பன்னெண்டு நாள். பரீட்சை ஹால்லயும் அதையேதான் நினைச்சுகிட்டிருந்தாளாம். அவளும் தேடியிருக்கா, பிரவுசரோட பிரைவேட் டேப்ல, எனக்குத் தெரியக்கூடாதுன்னு. எத்தனை பேர் பிழைப்பாங்க, எத்தனை வருஷம், மகளுக்கும் வருமா. இதையெல்லாம் பதினேழு வயசுப் பொண்ணு தனியா உட்கார்ந்து படிச்சிருக்கா.

கட்டியைத் தொட்டுப் பார்க்கணும்னா. காட்டினேன். ஒரு விரலால தொட்டா. ரெண்டு பேரும் அழுதோம். குக்கர் அடிப்பிடிச்சது.

நவம்பர் 23, ஞாயிறு

அவர்கிட்ட சொன்னேன். நி. பக்கத்துல இருந்தா.

கேட்டுட்டு எழுந்து மாடிக்குப் போனார், துணி எடுத்துட்டு வர்றேன்னு. மாடியில துணியே இல்லை, மழைன்னு உள்ளதான் கட்டியிருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தார். சட்டை நனைஞ்சிருந்தது. "செவ்வாய்க்கிழமை நான் வரேன்"ன்னார். அவ்வளவுதான்.

நவம்பர் 25, செவ்வாய்

புற்றுநோய்தான். ரெண்டாவது கட்டம். ஆபரேஷன், அப்புறம் மருந்து. டாக்டரம்மா பேசும்போது அவர் சுவரைப் பார்த்துகிட்டிருந்தார். தங்கச்சி நாள்ல பார்த்த மாதிரியே வராந்தா, அதே பினாயில் வாசனை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

திரும்பும்போது பூந்தமல்லி ரோட்டுல முழங்கால் தண்ணி. பஸ் நகரல. என் கையைப் பிடிச்சுகிட்டே வந்தார். கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல பஸ்ல கையைப் பிடிச்சதில்லை.

நி.கிட்ட ரிப்போர்ட்டையே கொடுத்துட்டேன். புரியாத வார்த்தையை அடிக்கோடு போட்டு வச்சிருக்கா, டாக்டர்கிட்ட கேட்கறதுக்கு.

டிசம்பர் 2, செவ்வாய்

நாளைக்கு அட்மிஷன். வானம் மூடிக்கிடக்கு.

மல்லிகா அக்கா வந்து, ஊட்டு வேலையை நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வான்னு சொல்லிட்டுப் போனாங்க. தினேஷ் தம்பிக்கும் விஷயம் தெரிஞ்சுடுச்சு போல, ஒண்ணும் கேட்கல.

பை அடுக்கினது: டம்ளர், சோப்பு, டவல் 2, ஃபைல், சார்ஜர்.

நி. ஒரு கவரைக் கொண்டுவந்து பைமேல வச்சா. மூணு நைட்டி, அப்பாவைக் கூட்டிட்டுப் போய் வாங்கினதாம். எனக்குப் பிடிக்காத நிறம், காபிப் பொடி கலர். எல்லாத்துலயும் முன்பக்கம் மேலேருந்து கீழே வரை பட்டன். எதுக்குடி இப்படின்னு கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு உன்னால கையைத் தூக்க முடியாதும்மா. படிச்சேன்."