நான்காவது புள்ளி

அன்பு மகனுக்கு,

உன் எண்ணிலிருந்து எனக்கு வரும் செய்திகளை எழுதுவது நீ இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாயா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் உன்னையே கேட்கிறேன். சித்திக்கு முட்டிவலி விடவில்லை, "முட்டிதான் தேஞ்சிருக்கு, வாய் தேயல" என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆளைக் குறைத்துவிட்டார்கள், இரண்டு பேர் பிடித்து மடித்த விரிப்பை இப்போது நான் ஒருத்தியே தாடையில் இடுக்கிக்கொண்டு மடிக்கிறேன், சூப்பர்வைசர் மட்டும் இரண்டு பேராகிவிட்டார்கள்.

'அன்புள்ள அம்மா, நான் நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்' என்று வருகிறது. நீ எப்போதடா என்னை நீங்கள் என்றாய்? என் வயிற்றில் பிறந்தவன் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளாவது சொன்னதுண்டா? கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கடலுக்குள் நீ வேலை பார்க்கும் அதே எண்ணெய்த் தளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய மீன்காரம்மா ஒருத்தி அங்கே நின்றாள், அவள் போனை வாங்கிப் பார்த்தால் அவள் மகனும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதியிருக்கிறான். உங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் காட்டினேன். "ஒரே இடத்துல ஒரே சோறு திங்கிறாங்க, ஒரே மாதிரிதாம்மா எழுதுவாங்க" என்று சிரிக்கிறான். வசதியுள்ள வீட்டுப் பையன் ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் ஊரையே கிளப்பிவிடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு ஒரே செய்தியைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆனால் தினமும் பொழுது சாயும்போது நம் வீட்டு ஹாம் ரேடியோவில் உன் கையைக் கேட்டேன். புள்ளியும் கோடுமாக மோர்ஸ் அடிக்கிறவர்களுக்குக் குரல் மாதிரிதானே கை, ஒருவர் கை இன்னொருவருக்கு வராது. உன் தப்பும் அதில் இருந்தது. பேருக்குப் பதிலாக நீ அடிக்கும் அழைப்புக்குறியின் கடைசி எழுத்துக்கு மூன்று புள்ளி, ஒரு கோடு. நீ அவசரக்குடுக்கை, நான்கு புள்ளி தட்டிவிடுவாய், எழுத்து போய் நாலு என்ற எண் ஆகிவிடும். எண்ணில் முடிகிற குறி உலகத்தில் யாருக்கும் கிடையாது என்பதால் யாரும் பதில் தரவில்லை. யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், எல்லாரும் தாண்டிப்போனார்கள். நான் கேட்கலாம், பேசக் கூடாது. அந்த அலைவரிசை மேல்நிலை லைசென்ஸ்காரர்களுக்கு, நீ புறப்படும் முன்பே வாங்கிவிட்டாய், நான் கீழ்நிலையோடு நின்றுவிட்டேன். மீறிப் பேசினால் கருவியைப் பிடுங்கிப் போவார்கள், அப்புறம் கேட்பதும் போய்விடும். உயிர் ஆபத்து என்றால் யாரும் பேசலாமே என்று ரேடியோ கிளப் செயலாளரிடம் கேட்டேன். "ஆள் நல்லா இருக்கான்னு கம்பெனியே சொல்லுதே, நீங்க எதை வச்சும்மா ஆபத்துங்கறீங்க?" என்றார்.

அதனால்தான் மேல்நிலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். விரிப்பு மடிக்கும்போது பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன், "ஆண்டெனா அம்மா வந்தாச்சு, யாரும் குறுக்க நிக்காதீங்க" என்று கூடமே கேலி செய்கிறது. மின்சுற்றுக் கணக்குதான் இன்னும் உதைக்கிறது. "ரேடியோல நீ கேக்கறது அவன் எப்பவோ அடிச்சது அக்கா, காத்துல சுத்திக்கிட்டுத் திரியுது" என்றாள் சித்தி. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பாடத்தில் இருக்கிறது, ரேடியோ அலை கண்ணை மூடித் திறப்பதற்குள் உலகத்தைச் சுற்றி முடித்துவிடுமாம், மாதக்கணக்கில் எங்கும் தங்காது. அன்றைக்குக் கேட்டால் அன்றைக்கு அடித்ததுதான். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

போன வாரம் உன் போன் எண்ணிலிருந்து எழுதுகிறவரை மடக்கிப் பார்க்கலாம் என்று, இன்னும் கடைசி எழுத்தில் ஒரு புள்ளியைக் கூட்டித்தான் அடிக்கிறாயா என்று எழுதிக் கேட்டேன். 'நான் தவறு செய்வதில்லை, அம்மா' என்று பதில் வந்தது. அன்று மாலை உன் கை வரவில்லை. மறுநாள் வந்தது. அளவெடுத்து வைத்த மாதிரி மூன்று புள்ளி, ஒரு கோடு. ஒரு பிசிறு இல்லை. குறி சரியாக இருப்பதால் இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் பதில் தருகிறார்கள். பதில் தருகிற ஒவ்வொருவருக்கும் அது, நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அடிக்கிறது.

வியாழக்கிழமை பரீட்சை. நான் பாஸாகிவிடுவேன். உனக்கு ஒரு கேடும் வராமல் இருக்கட்டும், என் ஆயுசும் சேர்ந்து உனக்கே போகட்டும். ஈரக் கையோடு எந்த மின்கருவியையும் தொடாதே, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கடிதம் ஏஜெண்ட் வழியாகத்தான் வர வேண்டும், ஒட்டியதைப் பிரிக்காமல் கொடுக்க மாட்டார்கள், பிரிக்கிறவர் யாரானாலும் நன்றாகவே படிக்கட்டும். வீட்டில் நாம் இருவர் மட்டும் இருக்கும்போது நீ என்னைக் கூப்பிடும் பேர் ஒன்று உண்டு. அதை எந்தச் செய்தியிலும் நான் எழுதியதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அந்த அலைவரிசைக்கு வருவேன். நலம் என்று என்னிடம் அடிக்காதே, சாப்பாட்டைப் பற்றி ஒரு எழுத்து அடிக்காதே. அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடு.

உன் அம்மா