நோன்பில் விட்ட மாத்திரை

தேனாம்பேட்டை,
வியாழக்கிழமை.

என் உயிரான ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வயிற்றில் இருப்பவரும் நலம். மாமிக்கு முட்டிவலி, வழக்கம்போல.

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முழுசாகக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? நாளை மஸ்கட் கிளம்பும் அக்பர் பாஷா அண்ணனிடம் இதையும் மூன்று மாத மாத்திரையையும் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போய் உங்கள் ஈரல் டாக்டர் நீரஜாவைப் பார்த்தேன். மெட்ரோ வேலைக்காக வழியெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். என் எட்டு மாத வயிற்றைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர், “பயப்படாதக்கா, பூ மாதிரி இட்டுக்கினு போறேன்” என்றார். அப்படியே கொண்டுபோய் விட்டார்.

வைரஸ் ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் பதறவில்லை. மாத்திரையை எப்போது விட்டார் என்றுதான் கேட்டார். காலை டீயோடு போடுகிற ஆள், நோன்பில் டீ இல்லாததால் மாத்திரையும் இல்லை, பெருநாளுக்குப் பிறகு டீ மட்டும் திரும்பி வந்தது என்றேன். விடியுமுன் சஹருக்கு எழுந்து மூன்று பரோட்டா சாப்பிட முடிந்தவருக்கு ஒரு மாத்திரை விழுங்க முடியவில்லையா? டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்ததே, அப்போதே குணமாகிவிட்டதாக நினைத்தேன் என்கிறீர்கள். ஒன்பது வருஷமாக லேபில் வேலை பார்க்கும் நானே பாதி அப்படித்தான் நம்பியிருந்தேன். ரத்தத்தில் தெரியாவிட்டாலும் ஹெபடைடிஸ் பி ஈரலுக்குள் உட்கார்ந்திருக்குமாம். சளிக்காய்ச்சல் என்றால் ஒரு வாரத்தில் சண்டை முடிந்துவிடும். எதிர்ப்பு செல்கள் ஓய்வெடுக்கும், எதிரியை ஞாபகம் வைத்துக்கொள்ளும், மறுபடி வந்தால் சட்டென்று எழுந்துவிடும். உங்களுக்கோ பிறந்ததிலிருந்து, முப்பத்திரண்டு வருஷமாக அதே எதிரி. ஓய்வே இல்லாத செல்கள் ஓய்ந்துபோயின. மாத்திரை வைரஸை அடக்கினாலும் அந்தக் களைப்பு லேசில் போகாது, செல்லுக்குள் அதுவும் ஒரு ஞாபகமாகத் தங்கிவிடுகிறது என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் டபுள் டூட்டி பார்த்தவர் ஒருநாள் லீவில் தேறிவிடுவாரா, சொல்லுங்கள். அதனால்தான் மாத்திரையை விட்டதும் வைரஸ் தலைதூக்கியது.

ஈரலுக்கு இன்னும் கெடுதல் இல்லை. மாத்திரை கைக்கு வந்த அன்றே தொடங்கவேண்டும், ஒரு மாதம் கழித்து அங்கேயே ரத்தம் பார்க்கவேண்டும். டாக்டர் எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது. இது சரியாகிவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த விஷயம். பிரசவத்துக்கு வரமாட்டேன், குழந்தையைத் தொடமாட்டேன் என்று திங்கட்கிழமை சொன்னீர்கள். போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகை உங்களுக்குத் தெரியாது. தூக்கினால், கொஞ்சினால், ஒரே தட்டில் சாப்பிட்டால் இது ஒட்டாது. நிக்காஹுக்கு முன்பே நான் தடுப்பூசி போட்டுக்கொண்டவள். போன மாதம் பார்த்ததிலும் என் ரத்தம் சுத்தம். குழந்தைக்குப் பிறந்த அன்றே முதல் ஊசி. வைரஸைச் சந்திக்காமலே அதை அடையாளம் கண்டுகொள்ள அந்தச் சின்ன உடம்பு படித்துவிடும். உங்கள் செல்களுக்குக் கிடைக்காத, களைப்பில்லாத ஞாபகம் அது.

இதைக் கேட்டு மாமி, “அப்பவே தெரிஞ்சிருந்தா எம்புள்ளைக்கும் போட்டிருப்பேனே” என்று அழுதார். அவர் மேலும் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை என்று சொல்லித் தேற்றினேன். அவரோடு ஒருமுறை பேசுங்கள்.

நீங்கள் வராவிட்டால், பிறந்த குழந்தையின் காதில் தகப்பன் சொல்லவேண்டிய பாங்கைச் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று மாமி நேற்றுக் கேட்டார். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றேன். அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகம் தரட்டும். டிக்கெட் போடுங்கள். உங்கள் வாய் அந்தக் காதுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் எனக்குப் பயமில்லை.

உங்கள்,
ரூபீனா