செல்வண்ணை தந்த பேணி

செப்டெம்பர், செவ்வாய் இரவு

எல்க் மான் வேட்டைக்குத் தோட்டாக்களை நானே நிரப்புவேன். இந்த வருடம் எந்தக் கடையிலும் வெடிமருந்து இல்லை. மாலையில் எங்கள் வேட்டைக் குழுவின் செல்வண்ணை தான் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஒரு தகரப் பேணி மருந்தோடு வந்தார். பழைய இராணுவ மிச்சமாம்.

“என்னட்டை இருந்தது இது ஒண்டுதான், தம்பி. இன்னும் திறக்கேல்லை.”

“நீங்களும் இந்த மருந்துதான் போடுறியளோ, அண்ணை?”

“ஓம், ஓம். நல்லாச் சுடுது.”

திறக்காத பேணியிலிருந்து எப்படிப் போட்டார்?

அவர் போனதும் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். நல்ல மருந்தில் நகப்பூச்சு மணம் வரும். இதில் புளிப்புத்தான் அடித்தது. கெட்டுப்போன மருந்து சுடும்போது துவக்கையே சிதறடிக்கும்.

போன வருடம் அவர் நின்று சுட்ட இடத்தை இந்த முறை குழு எனக்குத் தந்திருக்கிறது. அதற்காகவா? சீ, இருக்காது.

பேணியைப் பல்கனியில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். உடனே செல்வண்ணையின் அழைப்பு.

“நிரப்பிப்போட்டியோ, தம்பி?”