இடைவேளைக்குப் பின் தண்டனை

மார்ச் 3
அரிசி, சோப்பு, ஊக்கு ஒரு அட்டை. கணக்கு சரி.
மகளின் பாலே நடனக் குழு ஒரே மாலையில் இரண்டு ஆட்டம் போடுகிறதாம். முதலாவது காதல் கதை. இவள் ஆடுவது இரண்டாவதில்.
“அதுல என்னடி கதை?”
“கதையே கிடையாதும்மா. இசை இருக்கு, ஆடறோம்.”
இவள் அப்பா கதை இல்லாவிட்டால் விளம்பரம்கூடப் பார்க்கமாட்டார். கடவுளே.

மார்ச் 6
“அப்பா ஒரு தடவைகூட என்னைக் கடைசிவரைக்கும் பார்த்ததில்லம்மா.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.
நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படி? தெரியவில்லை.

மார்ச் 9
முதல் ஆட்டத்தில் படகோட்டியின் மகளுக்கு வாக்குக் கொடுத்த இளவரசன் வேறொருத்தியைக் கட்டுகிறான். படகோட்டி மகள் செத்து, பனிமூட்டமாக வந்து, அந்தப் பாவியின் படகுக்கே வழிகாட்டுகிறாள். என் வீட்டுக்காரர் கைக்குட்டையைப் பிழிந்தார்.
இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்துவிட்டார். “கதைதான் முடிஞ்சுதே. கிளம்பு, கூட்டம் வந்துரும்.”
“உட்காருங்க. அவனுக்குத் தண்டனை அடுத்ததுலதான்.”
என் வாயா சொன்னது! பைக்குள் ஜபமாலையைத் தொட்டுக்கொண்டேன். உட்கார்ந்துவிட்டார்.
மேடையில் ஆறு இல்லை, படகு இல்லை. எல்லாரும் ஒரே சாம்பல் நிற உடுப்பு.
“இதுல எவன் அவன்?”
“மாறுவேஷம்.” இரண்டாவது பொய்.
பிறகு அவர் கேட்கவில்லை. மகள் தனியாக வந்தாள். சுழன்றாள், நின்றாள், மறுபடி அதையே வேறு பக்கம் பார்த்துச் செய்தாள். எனக்கு அலுக்கவேயில்லை. தினமும் ஒரே நாமத்தைத்தான் உருட்டுகிறேன், அதில் என்ன கதை கண்டேன்?
பக்கத்தில் பார்த்தால் இவர் விரல் முழங்காலில் தாளம் போடுகிறது. முடிந்ததும் எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். நின்றுகொண்டு கை தட்டுகிறார்!

மார்ச் 10
கூடுதல் ஜபம், பொய்க்கு ஒரு மாலை வீதம். முழங்கால் வலி.

மார்ச் 12
இவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.
“சனிக்கிழமை மறுபடி போடறாங்கண்ணே. முன்னாடி உள்ளது போனாப் போகுது, இடைவேளைக்குள்ள வந்துருங்க. நம்ம பொண்ணு ஆடறா... கதையா? ஒண்ணும் கிடையாது. பொண்ணே எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா. அவ அம்மாதான் தண்டனை, மாறுவேஷம்னு அளந்தா. இவளே இவ்வளவு பாவம் சேர்த்துக்கறாளே, சரி, உட்காருவோம்னு உட்கார்ந்தேன். எந்திரிக்க மனசு வரல.”
தெரிந்தேதானா! நம்பாதவரிடம் சொன்னது பொய்யில் சேருமா? சேராது. அப்படியானால் இரண்டு மாலை ஜபம் மிச்சம்.
அடுத்த பொய்க்கு வரவில் வைத்திருக்கிறேன்.