புரிஞ்சுதுங்க, சார்

ஜனவரி 16, 1971
பொங்கலுக்கு அண்ணன் வந்திருக்கிறான். எங்கள் தெருவிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போன முதல் ஆள். பாடமெல்லாம் இங்கிலீஷில்தான். இயற்பியலில் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.
"அர்த்தம் சொல்லுண்ணே."
"பரீட்சையில அர்த்தமா கேக்குறான்? போடி பண்டிதச்சி."
அவன் கல்லூரிக்குப் புதிதாக வந்த இராஜாங்கம் சார் நோட்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டு, என்ன புரியவில்லை என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்கிறாராம். புரியாதவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு.
"நீ என்ன சொன்னே?"
"புரிஞ்சுதுங்கன்னேன்."

பிப்ரவரி 3
களத்தில் தகராறு. பண்ணைக் காரியக்காரர் துரைராசு அறுப்புக் கூலியைக் குறைத்து ஏதோ கணக்குச் சொல்லிவிட்டு, "வெளங்குச்சாடா வைரக்கண்ணு?" என்றார்.
அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வெளங்குச்சுங்க" என்றார்.
வீட்டில் அம்மா கத்தினாள். "என்னத்த வெளங்குச்சு உனக்கு?"
"வெளங்கலன்னா எதுத்துப் பேசுறேன்னு அர்த்தம். நாளைக்கே வெளியூர் ஆளை எறக்கிருவாங்க."
அண்ணனும் இப்படித்தானோ?

மார்ச் 7
தேர்தல் வண்டிச் சத்தத்துக்கு நடுவே அண்ணனிடம் கேட்டேவிட்டேன். "சாருகிட்ட புரியலன்னு சொல்லேண்ணே."
"அத்தனை பேரு நடுவுல எந்திரிச்சா? 'சலுகையில வந்தவன்தானே'ம்பானுங்க. உனக்கென்ன தெரியும்?"
தெரியும். கணக்கு வகுப்பில் நானும் தலையைத்தான் ஆட்டுகிறேன்.

ஜூன் 12
பரீட்சை முடிவு வந்துவிட்டது. பேப்பரில் அண்ணன் எண் இல்லை.

ஜூன் 15
அவனோடு கல்லூரிக்குப் போனேன். சார் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.
"ஒரு தடவைகூட புரியலன்னு சொல்லலியேப்பா இளையபெருமாள். நான் நம்பிட்டேனே."
"மன்னிச்சுக்குங்க சார்."
"செப்டம்பர்ல திருப்பி எழுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, தமிழ்லயே சொல்லித் தர்றேன். வருவேல்ல?"
"வர்றேங்க சார்."
பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். "போவேல்லண்ணே?"
"அவங்க வீட்டுக்குள்ளயா?" — ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 1
இந்த ஞாயிறும் போகவில்லை.

செப்டம்பர் 20
இன்றுதான் மறுதேர்வு. நான் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணன் அப்பாவோடு நாற்றங்காலில் நின்றான்.
துரைராசு வரப்பிலிருந்து கூப்பிட்டார். "ஏ காலேஜு! அந்த நாத்துமுடியெல்லாம் அள்ளிக்கிட்டு மேல்வயலுக்குப் போ!"
எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.
அப்பா மட்டும் நிமிரவேயில்லை. குனிந்தபடி நாற்றைப் பறித்துக்கொண்டேயிருந்தார்.