இரண்டாம் ஓட்டு

பெர்லின், மார்ச் 2025

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நீண்ட விவாதத்துக்குப் பிறகு, காபி இயந்திரம் கட்சிக்கல்ல, எங்கள் அலுவலகத்துக்கே சொந்தம் என்று இன்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒரு சின்னச் செய்தி, பதற வேண்டாம். 1949 முதல் ஆல்டன்மூல் தொகுதியில் தோற்காத நம் கட்சி இம்முறையும் தோற்கவில்லை. நம் வேட்பாளர் ஹோல்ட்ஸல் அம்மையார்தான் முதலிடம். ஆனால் புதிய சட்டப்படி, வேட்பாளருக்கு விழும் முதல் ஓட்டு மட்டும் போதாது; கட்சிக்கு விழும் இரண்டாம் ஓட்டு குறைந்தால், குறைந்த சதவீதத்தில் ஜெயித்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. அவருக்கு இல்லை. ஆகவே அவருடைய உதவியாளரான எனக்கும் வேலை இல்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து நீங்கள் போனில் சொன்னீர்கள்: "அந்தம்மா எப்படியும் ஜெயிச்சிடுவாங்கடி. அதான் ரெண்டாவது ஓட்டை, பாவம், அந்தச் சின்னக் கட்சிக்குப் போட்டேன். நம்ம தெருவே அப்படித்தானே?"

தெரு எப்போதும் அப்படித்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

பிளம் ஜாம் அனுப்ப வேண்டாம், வந்தே சாப்பிடுகிறேன். மாடி அறைக் கட்டிலிலிருந்து தேர்தல் சுவரொட்டிகளை எடுத்துவிடுங்கள். முழங்கால் இடம் கொடுத்தால் ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

பெட்டி தூக்குபவர்கள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். அந்தச் சின்னக் கட்சியின் ப்ரெம், நம் தொகுதியில் நான்காவதாக வந்தவர், அந்த இரண்டாம் ஓட்டுகளால் கட்சிப் பட்டியல் வழியாக நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்டார். எங்கள் அலுவலக அறையை அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

மகள்,
கெர்லிண்டே